இரண்டாம் பிரெடரிக்: புகழிலும் பழியிலும் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கைப் பற்றித் தாங்கள் வெளியிட்டிருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஐரோப்பிய இடைக்காலத்தைப் பற்றித் தமிழ் நாளிதழ்களில் எழுதப்படுவது அரிது. எழுதப்பட்டாலும் சிலுவைப் போர்களோடும் கொள்ளைநோயோடும் நின்றுவிடும். அந்த வகையில் தங்கள் முயற்சிக்கு என் மனமார்ந்த நன்றி. ஆயினும், அந்தக் கட்டுரை அவரைப் புகழ்ந்த இடத்திலும் பழித்த இடத்திலும் முக்கியமான சில செய்திகள் விடுபட்டிருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் வரலாற்றுப் பேராசிரியர் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். மருந்தாளுநர் பட்டயப் படிப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, எங்கள் தொழிலின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கிய ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய பெயர் இரண்டாம் பிரெடரிக். மருந்து எழுதித் தருபவரும் மருந்து விற்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்று ஐரோப்பாவில் சட்டமாக்கியவர் அவர் என்று அன்று கேட்டது மனத்தில் தங்கிவிட்டது. அதற்குப் பின் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அவர்மீது வியப்பும் கூடியது, அச்சமும் கூடியது. தங்கள் கட்டுரையில் வியப்பு மட்டுமே இருந்தது என்பதுதான் என் முதல் குறை.

அவரை "மத நல்லிணக்கத்தின் முன்னோடி" என்றும், எண்ணூறு ஆண்டுகள் முன்னதாகவே பிறந்துவிட்ட நவீன மனிதர் என்றும் கட்டுரை வருணிக்கிறது. அதே மூச்சில், பச்சிளங் குழந்தைகளிடம் யாரும் பேசக்கூடாது என்று செவிலியருக்கு ஆணையிட்டு, மனித குலத்தின் ஆதிமொழி எது என்று சோதித்த கொடியவர் என்றும் சொல்கிறது. இந்த இரண்டையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பின்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குழந்தைகளைப் பற்றிய அந்தக் கதையும், ஒரு மனிதனைப் பீப்பாயில் அடைத்துச் சாகவிட்டு ஆன்மா வெளியேறுகிறதா என்று பார்த்த கதையும், உண்ட உணவு எப்படிச் செரிக்கிறது என்று அறிய இருவரின் வயிற்றைக் கிழித்த கதையும் சலிம்பேனே என்ற பிரான்சிஸ்கன் துறவியின் குறிப்பேட்டிலிருந்து வருபவை. அவர் பார்மா நகரத்துக்காரர். பேரரசரோடு கடும் போரில் இருந்த நகரம் அது. திருத்தந்தையின் பக்கம் நின்ற துறவற சபையைச் சேர்ந்த அவர், பேரரசர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் இதையெல்லாம் எழுதினார். மேலும், குழந்தைகளை மௌனத்தில் வளர்த்து ஆதிமொழியைக் கண்டறியும் சோதனையை எகிப்திய மன்னர் ஒருவர் செய்ததாக, இதற்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவிட்டார். பழைய கதை புதிய பகைவனின் தலையில் கட்டப்பட்டது என்றே கருத வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் அதே சலிம்பேனே, தான் அவரை நேரில் கண்டதாகவும் ஒரு காலத்தில் அவர்மீது அன்பு வைத்திருந்ததாகவும் எழுதியிருக்கிறார். பகைவரின் வாக்குமூலத்தை அப்படியே உண்மையாக அச்சிடுவது முறையாகாது.

ஆனால் அந்தக் கதைகள் ஏன் அவரைச் சுற்றியே பிறந்தன என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. கண்ணால் கண்டு கையால் தொட்டுப் பார்த்தால் ஒழிய எதையும் நம்பாத மனிதர் என்று ஊரறிந்த பெயர் அவருக்கு இருந்தது. வல்லூறுகளைக் கொண்டு வேட்டையாடும் கலையைப் பற்றி அவர் இலத்தீனில் எழுதிய பெருநூல் இன்றும் இருக்கிறது. அவருடைய மகன் மான்ஃபிரெட் சேர்த்த குறிப்புகளோடு கூடிய ஓவியப் பிரதி வத்திக்கான் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. இருப்பவற்றை அவை இருக்கும்படியே காட்டுவதுதான் தம் நோக்கம் என்று அதில் அவர் சொல்கிறார். அரிஸ்டாட்டிலின் சொல்லை மறுத்துப் பேச அறிஞர்களே தயங்கிய காலத்தில், பறவைகளைப் பற்றி அவர் எழுதியவற்றில் பல பிழையானவை என்றும், அவர் வேட்டைக்குப் போய்ப் பழகியவர் அல்லர் என்றும் இந்தப் பேரரசர் எழுதினார். பாறுக் கழுகு இரையை மோப்பத்தால் அறிகிறதா, பார்வையால் அறிகிறதா என்று தெரிந்துகொள்ள அதன் கண்களை மூடித் தைத்து, முன்னால் இறைச்சியை வைத்துப் பார்த்தார். அது இறைச்சியைக் கண்டுகொள்ளவில்லை. வடகடலில் மிதக்கும் மரக்கட்டைகளில் ஒருவகை வாத்து காய்த்துத் தொங்குகிறது என்று அக்காலத்தில் படித்தவர்களும் நம்பினார்கள். அவரோ ஆளனுப்பி அந்தக் கட்டைகளையே வரவழைத்தார். அவற்றில் ஒட்டியிருந்த சிப்பிகளில் பறவையின் சாயல் எதுவும் இல்லை என்று கண்டு, அந்த வாத்து மனிதர் கண்ணுக்கு எட்டாத தொலைவில் கூடு கட்டுவதால்தான் இப்படியொரு கதை உண்டாயிற்று என்று எழுதினார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மருந்துக் கடையில் நின்ற காலமெல்லாம், பொட்டலத்தில் எழுதியிருப்பதை நம்பாமல் பிரித்துப் பார்க்கச் சொல்லித்தான் இளையவர்களைப் பழக்கினேன்.

இந்த ஐயப் புத்தி அவருக்குப் புத்தகத்தால் வந்ததன்று. 1194 டிசம்பர் 26 அன்று இத்தாலியின் யேசி என்ற சிற்றூரில் பிறந்தார். தாயார் கான்ஸ்டன்சுக்கு அப்போது நாற்பது வயது. பிள்ளை அவருடையதுதானா என்று ஊர் பேசும் என்பதால் சந்தைத் திடலில் கூடாரம் அடித்துப் பலர் அறியப் பெற்றெடுத்தார் என்று பின்னாளில் ஒரு கதை வழங்கியது. மூன்று வயது நிறையுமுன் தந்தை பேரரசர் ஆறாம் ஹென்றி இறந்தார். நான்கு நிறையுமுன் தாயும் இறந்தார். திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட் பெயரளவில் காப்பாளர். பலேர்மோ அரண்மனையோ யார் கை ஓங்குகிறதோ அவர் வசம். 1201இல் மார்க்வார்ட் என்ற ஜெர்மானியத் தளபதி அரண்மனைக்குள் புகுந்து பையனைப் பிடிக்க வந்தபோது, ஏழு வயதுகூட நிறையாத அந்தப் பிள்ளை எதிர்த்துப் போராடி, முடியாதபோது தன் அரச உடையைத் தானே கிழித்துத் தன் உடலை நகத்தால் கீறிக்கொண்டான் என்று அக்காலத்துக் கடிதம் ஒன்று தெரிவிக்கிறது. தொட வருகிற கையெல்லாம் தன்னைப் பிடிக்க வருகிற கை என்று அறிந்து வளர்ந்த பிள்ளை அவர். பிற்காலத்தில் அவர் செய்த நன்மையிலும் தீமையிலும் இந்தப் பிள்ளையை நான் காண்கிறேன்.

எதையும் தம் கண் பார்வையிலும் தம் கைப்பிடியிலும் வைத்துக்கொள்வது அவர் இயல்பாயிற்று. 1231இல் மெல்ஃபியில் அவர் வெளியிட்ட சட்டத்தொகுப்பு அதற்குச் சான்று. பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தொடவைத்தும் நீரில் அமிழ்த்தியும் குற்றவாளியைக் கண்டறியும் வழக்கத்தை அது ஒழித்தது. இரும்பின் சூடும் நீரின் குளிர்ச்சியும் இயற்கையின் குணங்களே தவிர, யார் வந்து தொட்டாலும் மாறுபவை அல்ல என்பது அதற்கு அவர் கூறிய காரணம். சலேர்னோ மருத்துவப் பள்ளியின் ஆசிரியர்கள் முன் தேர்வு கொடுத்து அரச அனுமதி பெறாத எவரும் வைத்தியம் பார்க்கக்கூடாது என்றார். அத்தொகுப்போடு பின்னர்ச் சேர்ந்த சட்டங்களின்படி, மருத்துவராக விரும்புபவர் மூன்றாண்டு தருக்கமும் ஐந்தாண்டு மருத்துவமும் படித்து, அனுபவமுள்ள ஒருவரிடம் ஓராண்டு பழகியிருக்க வேண்டும். நோயாளியைப் பகலில் இருமுறை சென்று பார்க்க வேண்டும். ஏழைகளுக்குக் கட்டணமின்றி ஆலோசனை சொல்ல வேண்டும். மருந்துக் கடைக்காரரோடு கூட்டு வைத்துக்கொள்ளவோ சொந்தமாக மருந்துக் கடை நடத்தவோ கூடாது. ஊருக்கு ஒரு மைலுக்குள் சணலையும் ஆளிநாரையும் தண்ணீரில் ஊறப்போட்டு அழுகவைக்கக்கூடாது, காற்று கெடும் என்றுகூட ஒரு விதி அதில் இருக்கிறது. கட்டுரையில் இவற்றுக்கு இரண்டே வரிகள்தான் இடம் கிடைத்தது என்பதில் எனக்கு வருத்தமே.

அதே சட்டத்தொகுப்பின் முதல் தலைப்பு எது என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். திருச்சபையின் கொள்கையிலிருந்து விலகியவர்களை ஊரார் பார்க்க உயிரோடு எரிக்க வேண்டும் என்பதே அது. சுட்ட இரும்பின்மேல் நம்பிக்கை வைக்காதவர், நெருப்பின்மேல் வைத்தார். 1224இல் அவர் நேப்பிள்ஸில் நிறுவிய பல்கலைக்கழகம், திருச்சபையின் துணையின்றி ஓர் அரசரின் ஆணையால் பிறந்தது; இன்றும் அவர் பெயராலேயே நடக்கிறது; இளமையில் தாமஸ் அக்வினாஸ் படித்ததும் அங்கேதான். மாணவர்களுக்கு வீட்டு வாடகையில் உச்சவரம்பும் கடன் வசதியும் செய்து கொடுத்த அந்த ஆணை, தம் நாட்டுக் குடிமக்கள் எவரும் படிப்பதற்காக எல்லை தாண்டி வெளியே போகக்கூடாது என்றும் தடைவிதித்தது. கல்வியைக் கொடுத்த கையே கதவையும் சாத்தியது.

இனி, மத நல்லிணக்கம். 1229ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைக் கட்டுரை உணர்ச்சியோடு எழுதியிருக்கிறது. அந்த உணர்ச்சியில் நானும் பங்குகொள்கிறேன். சிலுவைப் போருக்குப் புறப்பட்டு நோயால் திரும்பியதற்காகத் திருத்தந்தை ஒன்பதாம் கிரெகோரி அவரை 1227இல் சபையிலிருந்து விலக்கினார். விலக்கப்பட்டவராகவே மறு ஆண்டு அவர் கப்பலேறினார். எகிப்தின் சுல்தான் அல்-காமிலோடு மாதக்கணக்கில் தூதர்கள் வழியாகப் பேசி, 1229 பிப்ரவரி 18 அன்று எருசலேமையும் பெத்லகேமையும் நாசரேத்தையும் பத்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்துக்குப் பெற்றார். பாறைக் குவிமாடமும் அல்-அக்சா பள்ளிவாசலும் முஸ்லிம்களிடமே இருந்தன. ஆயிரக்கணக்கானோர் மாண்டும் மற்றவர்கள் மீட்க முடியாத நகரம் ஒரு கோட்டை முற்றுகைகூட இல்லாமல் கைமாறியது. எருசலேமில் அவர் தங்கிய இரவு, விருந்தினர் மனம் நோகும் என்று கருதிய நாப்ளூஸ் நகரத்துக் காஜி, பாங்கு சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். விடிந்ததும் பேரரசர் அவரை அழைத்து, அந்த ஒலியைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இரவு இங்கே தங்கினேன் என்று குறைப்பட்டுக்கொண்டதாக அரபு வரலாற்றாசிரியர் இப்னு வாசில் எழுதுகிறார்.

இந்த அமைதிக்காக இருதரப்பிலும் அவர்களுக்குக் கிடைத்தது வசவுதான் என்பதையும் மறக்கக்கூடாது. டமாஸ்கஸில் அல்-காமிலைக் கண்டித்துப் பிரசங்கங்கள் நடந்தன. எருசலேமின் கிறித்தவப் பேராயரோ, விலக்கப்பட்டவரின் கால் பட்ட நகரம் என்பதற்காக அங்கே வழிபாட்டுக்கே தடைவிதித்தார். மே முதல் நாள் ஏக்கர் துறைமுகத்தில் கப்பலேறப் போன பேரரசர்மீது கசாப்புத் தெருவில் நின்றவர்கள் ஆட்டுக் குடலையும் இறைச்சிக் கழிவையும் வீசினார்கள். இரத்தம் சிந்தாமல் புனித நகரத்தை வாங்கித் தந்தவரைக் கிறித்தவ உலகம் அப்படித்தான் வழியனுப்பியது.

இவ்வளவும் உண்மை. ஆனால் அரபு மொழி அறிந்து, அரபு அறிஞர்களோடு கணிதமும் தத்துவமும் பேசிய இதே மனிதர், தம் சொந்த நாடான சிசிலியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த முஸ்லிம்களுக்குச் செய்தது என்ன? மேற்குச் சிசிலியின் மலைகளில் அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, 1220களில் அந்தக் கிளர்ச்சியை நசுக்கி, பல்லாயிரக்கணக்கானோரை வேரோடு பெயர்த்துக் கடல் கடத்தி, தென்னித்தாலியின் அபூலியா சமவெளியிலுள்ள லூச்சேராவில் குடியமர்த்தினார். அங்கே அவர்கள் தொழுகை நடத்தலாம், உழலாம், தொழில் செய்யலாம். ஆனால் சுற்றிலும் கிறித்தவ ஊர்கள், திரும்பிப் போகச் சிசிலி இல்லை, பேரரசரைத் தவிர வேறு நாதி இல்லை. ஆகவே அவருடைய படையின் வில்லாளிகளாக அவர்களே ஆனார்கள். திருத்தந்தை எத்தனை முறை விலக்கி வைத்தாலும் அஞ்சாத படை அவருக்குக் கிடைத்தது. சிசிலியில் ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகள் வாழ்ந்த இஸ்லாமியச் சமூகம் அத்தோடு அற்றுப்போனது. கட்டுரையில் லூச்சேரா என்ற சொல்லே இல்லை.

யூதர்கள் விஷயத்திலும் இவ்வாறே. 1235 கிறிஸ்துமஸ் நாளில் ஜெர்மனியின் ஃபுல்டா நகரில் ஓர் ஆலை உரிமையாளரின் பிள்ளைகள் தீயில் இறந்தார்கள். இரத்தத்துக்காக யூதர்கள் கொன்றார்கள் என்று பழிசுமத்தி, முப்பதுக்கும் மேற்பட்ட யூதர்களைக் கூட்டம் கொன்றது. பேரரசர் வதந்தியை வதந்தியாகவே விட்டுவிடவில்லை. யூத சமயத்திலிருந்து கிறித்தவத்துக்கு மாறிய, இரு சமய நூல்களும் அறிந்தவர்களை மேற்கு நாடுகளின் அரசர்களிடம் கேட்டு வரவழைத்து விசாரித்தார். விலங்கின் இரத்தத்தையே விலக்கும் சட்டம் உடையவர்கள் மனித இரத்தத்தைத் தேடமாட்டார்கள் என்று அவர்கள் கூற, 1236இல் யூதர்கள் குற்றமற்றவர்கள் என்று அறிவித்து, அந்தப் பழியை இனி எவரும் சொல்லக்கூடாது என்று ஆணையிட்டார். மரக்கட்டையை வரவழைத்துப் பார்த்த அதே புத்தி! அதே ஆணையில், ஜெர்மனியின் யூதர்கள் அனைவரும் "எம் கருவூலத்தின் அடிமைகள்" என்றும் எழுதினார். காப்பாற்றியது உண்மை, தமக்குரிய உடைமையாகக் காப்பாற்றியதும் உண்மை. உடைமைக்குரியவர் மாறும்போது உடைமையின் கதியும் மாறும். பின்வந்த பல அரசர்கள் அந்தச் சொல்லைக் காப்பதற்கல்ல, கறப்பதற்கே பயன்படுத்தினார்கள்.

அவருடைய வல்லூறு நூலுக்கு மீண்டும் வருகிறேன்; அவரை அளப்பதற்கு அவரே தந்த அளவுகோல் அது. காட்டில் பிடித்த வல்லூற்றை எப்படிப் பழக்க வேண்டும் என்று அவர் விவரிக்கும் பகுதி நெஞ்சைத் தொடுவது. அதன் இமைகளை மெல்லிய நூலால் தைத்து, இருளில் வைத்து, கையிலேயே சுமந்து, அந்தக் கையிலேயே ஊட்டி, குரல் கொடுத்து, பின் தையலைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி வெளிச்சத்தைக் காட்ட வேண்டும். கோபக்காரனும் சோம்பேறியும் குடிகாரனும் இதற்கு உதவார். அடித்தோ மிரட்டியோ அந்தப் பறவையைப் பணியவைக்க முடியாது. அல்-காமிலிடம் அவர் காட்டியது இந்தப் பொறுமையைத்தான்.

வட இத்தாலிய நகரங்களிடம் அதை அவர் காட்டவில்லை. 1237 நவம்பர் 27 அன்று கோர்த்தேனுவோவாவில் மிலான் நகரப் படையை முறியடித்து, அந்நகரத்தின் கொடித்தேரை யானை இழுக்க, வெனிஸ் தலைவரின் மகனும் மிலான் நகர ஆட்சியாளருமான பியேத்ரோ தியேப்போலோவை அதில் கட்டிவைத்துக் கிரெமோனா நகருக்குள் ஊர்வலம் விட்டார். மிலான் சமாதானம் பேச முன்வந்தது. நிபந்தனையின்றிச் சரணடைந்தால் மட்டுமே ஏற்பேன் என்றார் பேரரசர். மிலான் மறுத்தது. அந்த ஒரு சொல்லிலிருந்து அவருடைய சரிவு தொடங்கியது என்பது என் எண்ணம். 1239இல் மீண்டும் சபை விலக்கு; 1245இல் லியோன் பொதுச்சங்கத்தில் திருத்தந்தை நான்காம் இன்னசென்ட் அவரைப் பேரரசர் பதவியிலிருந்தே நீக்கியதாக அறிவித்தார்; 1248இல் பார்மாவுக்கு வெளியே அவர் கட்டிய முற்றுகைப் பாசறை சூறையாடப்பட்டு, கருவூலத்தோடு மணிமுடியும் பறிபோனது. தமக்கெதிராகக் கிளர்ந்த மூத்த மகன் ஹென்றியை அவர் ஏற்கெனவே சிறையிலிட்டிருந்தார். அம்மகன் விடுதலை காணாமலே 1242இல் இறந்தார். இருபதாண்டுகளுக்கு மேல் உடனிருந்து அவருக்காகச் சட்டமும் கடிதமும் எழுதிய பியேர் தெல்லா விஞ்ஞாவை 1249இல் துரோகி என்று பிடித்துக் கண்களைக் குருடாக்கினார். அவர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1250 டிசம்பர் 13 அன்று அபூலியாவில் பேரரசர் கண்மூடினார். அவர் உடல் இன்றும் பலேர்மோ பேராலயத்தில் செந்நிறக் கற்பேழைக்குள் இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளுக்குள் அவர் வம்சத்தின் கடைசி அரசுரிமையாளரான பதினாறு வயதுப் பேரன் கொன்ராடின் நேப்பிள்ஸ் சந்தைத் திடலில் தலை வெட்டப்பட்டார்.

ஜெர்மனியில் அவருடைய ஆட்சியைப் பற்றிக் கட்டுரை பேசவில்லை, பேசுவதற்கும் அதிகமில்லை. இத்தாலியில் தம் கை ஓங்க வேண்டும் என்பதற்காக அங்கிருந்த சிற்றரசர்களுக்கு உரிமைகளை வாரிக் கொடுத்தார். அதன் விளைவை அந்நாடு நெடுங்காலம் சுமந்தது.

அவர் விட்டுச் சென்றவற்றுள் மற்றொன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளத் தாங்கள் இசைய வேண்டும். அவருடைய அவையின் எழுத்தராக இருந்த ஜாக்கொமோ தா லெந்தீனி, பதினான்கு அடிகளில் ஒரு புதுப் பாவடிவத்தைப் படைத்தார். சானெட் என்று உலகம் அறிவது அதுவே. இலத்தீனை விட்டுத் தாய்மொழியில் காதலைப் பாடிய அந்தச் சிசிலிக் கவிஞர் குழுவைத் தாந்தே மனமாரப் போற்றினார். ஆனால் பேரரசரைத் தம் காவியத்தில் நரகத்தில், எரியும் கல்லறைகளுக்கு நடுவே வைத்தார். இந்தியரின் ஒன்பது எண்குறிகளைப் பற்றி 1202இல் நூல் எழுதி ஐரோப்பாவுக்கு அவற்றைப் பரப்பிய பீசா நகரத்து ஃபிபொனாச்சியையும், 1220களில் அவருடைய அவை அழைத்துக் கணக்குகள் கொடுத்துச் சோதித்து மதித்தது. நம் மண்ணில் பிறந்த எண்கள் அந்த அவையில் மரியாதை பெற்றன என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

கட்டுரைத் தொடரின் அடுத்த பகுதி விரைவில் வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் குழந்தைகளின் கதைக்குச் சலிம்பேனே ஒருவரே சாட்சி என்ற குறிப்பையும், லூச்சேராவுக்கு ஒரு முழுப் பத்தியையும் இடம்பெறச் செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அம்மக்கள் அங்கே பேரரசரின் காலத்துக்குப் பின்னும் ஐம்பதாண்டுகள் வாழ்ந்தார்கள். மான்ஃபிரெட்டின் அவைக்கு எகிப்தின் தூதராக வந்த இப்னு வாசில், அவர்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகையை வெளிப்படையாக நடத்துவதை வியந்து எழுதினார். 1300ஆம் ஆண்டில் ஆன்ஷூ (Anjou) என்ற பிரெஞ்சு வம்சத்து அரசர் இரண்டாம் சார்லஸ் அந்த ஊரைக் கலைத்தபோது, அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
கும்பகோணம்.